பூ வைக்கும் ஞாயிறு வரை

சிவகாசியில் பூவுக்கு இரண்டே இடம்தான். ஒன்று பெண்ணின் தலை, இல்லாவிட்டால் சாமியின் கழுத்து. காம்பை முழ நீளத்துக்கு விட்டு வெட்டி, பளபளப்புத் தாளில் சுற்றி, நாடா கட்டி, கைக்குழந்தையைத் தருவதுபோல் தந்துவிட்டுப் போகிற பூவை என்ன செய்வது என்று பத்திரகாளிக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. ஐம்பத்தோரு வயதுக்குப் பிறகு வீட்டுக்குள் தனக்குத் தெரியாத சங்கதி என்று ஒன்று இருக்கக் கூடாது என்பது அவள் கொள்கை. அதனால் தெரியாது என்று வாயைத் திறந்து சொல்லவும் இல்லை. கொள்கை உள்ளவர்களோடு குடித்தனம் நடத்துவது கொஞ்சம் கஷ்டம்தான்.

அது இரண்டாயிரத்து ஆறாம் வருஷம், பங்குனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. பெங்களூரிலிருந்து வந்த ஆம்னி பஸ்ஸின் கிளீனர் விடிந்ததும் விடியாததுமாக வாசலில் வந்து பூவைக் கொடுத்தான். அனுப்பியவன் சூர்யபிரகாஷ். விருதுநகரில் வத்தல் மொத்த வியாபாரம் செய்கிற குடும்பத்தின் ஒரே பையன், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. போன ஞாயிற்றுக்கிழமைதான் அவன் குடும்பத்தோடு வந்து பத்திரகாளியின் இளைய மகள் பிரீத்திகாவைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தான். அவள் கல்லூரியில் கெமிஸ்ட்ரி கடைசி வருஷம். இரு வீட்டாருக்கும் பிடித்துப்போய், வருகிற ஞாயிற்றுக்கிழமை பூ வைக்க வருவதாகப் பேச்சு.

பூ வைப்பது என்பது இந்தப் பக்கத்தில் விளையாட்டுக் காரியம் இல்லை. பையனின் தாய் தன் கையால் பெண்ணின் தலையில் பூவைச் செருகிவிட்டால் சம்பந்தம் முடிந்த மாதிரிதான். அதற்குப் பிறகு யார் பின்வாங்கினாலும் இரண்டு வீட்டுப் பெயரும் சந்தி சிரிக்கும். அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வேண்டாம் என்று சொன்னால் அது குற்றமே இல்லை. ஜாதகம் பொருந்தவில்லை என்று ஒரு பொய்யைச் சொல்லி, காபியைக் குடித்துவிட்டு மரியாதையாகப் பிரிந்துவிடலாம். ஆகவே பத்திரகாளியின் கையில் இருந்தது ஐந்தே நாள்.

எதற்கு ஐந்து நாள் என்றால், அவளுக்கு மகளின் மனசு தெரியவில்லை.

பெண் பார்த்துவிட்டுப் போன மறுநாள், மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டாள். பிரீத்திகா தலையைக் குனிந்துகொண்டு, "ஒங்க இஷ்டம்மா" என்றாள். நல்ல குடும்பத்துப் பெண் சொல்ல வேண்டிய பதில்தான். ஆனால் அந்தப் பதில் பத்திரகாளிக்குப் போதவில்லை. ஏனென்றால் மூத்தவள் செல்வலட்சுமியும் ஐந்து வருஷத்துக்கு முன்னால் இதையேதான் சொன்னாள். அவளைச் சாத்தூரில் கட்டிக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை குடிப்பதில்லை, அடிப்பதில்லை, பேசுவதுமில்லை. ஐந்து வருஷமாகச் சோறு போடு, கதவைச் சாத்து என்பதற்கு மேல் அவளிடம் அவன் ஒரு வார்த்தை பேசியதில்லை. செல்வலட்சுமி வீட்டுக்கு வரும்போதெல்லாம் தனக்குத்தானே பேசிக்கொண்டிருப்பாள். அதைப் பார்க்கிற தாய்க்குப் பெற்ற வயிறு பற்றி எரியும். சின்னவள் விஷயத்தில் வாய் சொல்வதை நம்பக் கூடாது, கை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும் என்று பத்திரகாளி அன்றே முடிவு கட்டிவிட்டாள். இந்த நேரத்தில்தான் பூ வந்து சேர்ந்தது.

அவள் புருஷன் தங்கச்சாமி பட்டாசு லேபிள் அடிக்கிற அச்சகம் வைத்திருக்கிறவர். பூவை அவர் பார்க்கவே இல்லை. சுற்றியிருந்த தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அச்சில் சிவப்பு மை ஒரு நூல் விலகி விழுந்திருக்கிறது, பெங்களூர்க்காரனுக்கு இதுகூடத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினார். லேபிள் சீசன் அது. வீடு தீப்பிடித்தாலும் அணைத்துவிட்டுப் போன் பண்ணு என்பார்.

பத்திரகாளி எண்ணிப் பார்த்தாள். பன்னிரண்டு. கல்யாண மொய்யைக்கூட ஒற்றைப்படையில் எழுதுகிற ஊரில் பையன் இரட்டைப்படையில் அனுப்பியிருக்கிறானே என்று ஒன்றை எடுத்து மாரியம்மன் படத்துக்கு வைத்தாள். மீதிப் பதினொன்று. பிறகு அடுத்த குழப்பம். பையன் வீட்டிலிருந்து பூ வந்துவிட்டது, இதிலிருந்து ஒன்றை மகள் தெரியாத்தனமாகத் தலையில் வைத்துக்கொண்டால் பூ வைத்த கணக்கில் சேருமா சேராதா? வீட்டு வேலை செய்யும் வேலுத்தாயிடம் கேட்டாள். தீப்பெட்டிக் கம்பெனியை விட்டுவிட்டு இங்கே வந்து பாத்திரம் தேய்க்கிற வேலுத்தாய்க்கு எல்லாவற்றுக்கும் ஒரு தீர்ப்பு உண்டு. கையில் கொடுத்தால் அது வெறும் பூ, தாய்க்காரி கையால் தலையில் வைத்தால்தான் சம்பந்தம் என்று அவள் சொன்ன பிறகுதான் பத்திரகாளிக்கு மூச்சு வந்தது.

மல்லிகைக்கு என்ன செய்வாளோ அதையே ரோஜாவுக்கும் செய்தாள். தண்ணீர் தெளித்து, ஈரத் துண்டில் சுற்றி, பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வாழைப்பழத்துக்கும் மாம்பழத்துக்கும் நடுவில் படுக்க வைத்தாள்.

மூன்று மணிக்குக் கல்லூரி விட்டு வந்த பிரீத்திகா பிரிட்ஜைத் திறந்தாள். முகம் சுருங்கியது. துண்டோடு பூவை வெளியே எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். வாளியில் தண்ணீர் பிடித்து, காம்புகளை அதற்குள் முக்கி, தையல் கத்தரிக்கோலால் தண்ணீருக்குள்ளேயே வெட்டத் தொடங்கினாள். வெட்டியதும் நேராக இல்லை, சாய்வாக. பிறகு இலைகளை உருவிப் போட்டாள். அதோடு விட்டாளா? ஒவ்வொரு பூவிலும் வெளி இதழ்களில் இரண்டு மூன்றைப் பிய்த்துக் கீழே போட்டாள். கடைசியில் மொட்டைக் காம்போடு நின்ற பூக்களை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் சொருகினாள்.

அடுப்பங்கரை ஜன்னல் வழியாக இதையெல்லாம் பத்திரகாளி பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையாக வரப்போகிறவன் ஆசையாக அனுப்பிய பூ. பிடித்தவள் இப்படியா செய்வாள்? கீழே கிடந்த இலைகளையும் இதழ்களையும் வேலுத்தாய் கூட்டி அள்ளினபோது ஒரு முறம் நிறைந்தது.

புதன்கிழமை காலையில் மறுபடியும் வெட்டு. ஒவ்வொரு காம்பிலும் ஓர் அங்குலம் போயிற்று. நேற்றைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றினாள். அன்று வேலுத்தாய் அடுப்பங்கரைக்குள் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு சேதி சொன்னாள்.

"மொதலாளியம்மா, பாப்பா எங்கிட்ட கெணத்துக்குப் போடுற பிளீச்சிங் பவுடரு கேட்டுச்சு. நானும் என்னமோ பாத்ரூம் களுவப் போகுதாக்கும்னு எடுத்துக் குடுத்தேன். அதக் கொண்டுபோயி பூத்தண்ணியில போடுது."

பத்திரகாளி போய் முகர்ந்து பார்த்தாள். உண்மைதான், மருந்து வாடை அடித்தது. கூடவே எலுமிச்சம்பழ வாடையும். விரலை விட்டு நாக்கில் வைத்தால் இனிப்பு. விஷம் வைக்கிறவள் சர்க்கரையும் எலுமிச்சம்பழமும் சேர்த்துச் சர்பத் போட்டா வைப்பாள்? அதுவும் போகட்டும், காலையில் காம்பை வெட்டும்போது அவள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாளே, அது எந்தக் கணக்கில் சேரும்? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட முடியாமல் பத்திரகாளி அன்று குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டாள். தங்கச்சாமி ஒன்றும் சொல்லாமல் மோர் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

மகளிடமே நேராகக் கேட்டிருக்கலாமே என்று நமக்குத் தோன்றும். தாய்க்கும் மகளுக்கும் நடுவில் அப்படி ஒரு பேச்சு அந்த வீட்டில் வழக்கமில்லை. சாப்பிட்டாயா, பஸ் கிடைத்ததா, பரீட்சை என்றைக்கு என்று கேட்கலாம். உன் மனசில் என்ன இருக்கிறது என்று கேட்டால் இருவருக்கும் கூச்சம் வந்துவிடும். ஒரு தடவை கேட்டதே பெரிய காரியம். இரண்டாம் தடவை கேட்டால் அம்மாவுக்கு இந்த இடம் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொள்வாள் என்று வேறு பத்திரகாளி பயந்தாள்.

வியாழக்கிழமை காலையில் கூடத்து மேசையில் இருந்த பாட்டிலைக் காணோம். வீடெல்லாம் தேடிப் பார்த்தால் அது பின்கட்டுக் குளியலறையில், ஜன்னல் இல்லாத இருட்டு மூலையில் இருந்தது. மாப்பிள்ளை கொடுத்த பூ குளியலறையில். பத்திரகாளி அந்த வாசற்படியிலேயே கொஞ்ச நேரம் நின்றாள். பிடிக்காதவனின் பூவை நாலு பேர் கண்ணில் படாமல் ஒளித்து வைத்திருக்கிறாள் என்பதைத் தவிர அதற்கு வேறு அர்த்தம் அவளுக்குத் தோன்றவில்லை.

இருந்தாலும் விஷயம் தெரிந்தவர் ஒருவரிடம் கேட்டுவிடலாம் என்று கடைத்தெருவுக்குப் போனாள். முப்பது வருஷமாக அவளுக்குப் பூக் கட்டிக் கொடுக்கிறவர் ஊர்க்காவலன். பூவிலேயே பிறந்து பூவிலேயே வளர்ந்த மனுஷன். ஆனால் அவர் விற்பது சரம்தான், குப்பியில் நிற்கிற பூவை அவர் மட்டும் எங்கே கண்டார்? ரோஜாவின் காம்பைத் தினமும் வெட்டினால் என்ன ஆகும் என்று பத்திரகாளி யாருக்காகவோ கேட்பதுபோல் கேட்டாள்.

"என்னத்த ஆகும், பூவு செத்துப் போகும்" என்றார் ஊர்க்காவலன். "காம்புலதான அதுக்கு உசிரு இருக்கு. அத வெட்டுறவுகளுக்குப் பூ மேல என்ன கோவமோ."

அந்தக் கடைசி வார்த்தை பத்திரகாளியின் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. வெள்ளிக்கிழமை காலையிலும் மகள் கத்தரிக்கோலை எடுத்தபோது, ஒவ்வொரு வெட்டும் தன் மேலேயே விழுவதாக அவளுக்குத் தோன்றியது. மகள் கல்லூரிக்குப் போனதும் சாத்தூருக்குப் போன் போட்டாள். செல்வலட்சுமியிடம் நடந்ததையெல்லாம் சொல்லி, உனக்கு என்னம்மா தோன்றுகிறது என்று கேட்டாள்.

"எனக்குப் பூ வச்ச அன்னிக்கு நா அளுதேன்" என்றாள் செல்வலட்சுமி. "ஒனக்கு ஞாபகம் இருக்காம்மா? வந்தவுகளெல்லாம் ஏன் அளுவுறான்னு கேட்டாக. சந்தோசத்துல அளுவுதுன்னு நீதான் சொன்ன."

அவ்வளவுதான் சொன்னாள். குறை சொல்லவில்லை, கோபப்படவில்லை. பத்திரகாளி ரிசீவரை வைத்துவிட்டு மாரியம்மன் படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். ஒரு பிள்ளையைத் தெரியாமல் தள்ளிவிட்டது போதாதென்று இன்னொன்றைத் தெரிந்தே தள்ளுவதா? ஊர் சிரித்தால் சிரிக்கட்டும். நல்ல இடம் போனால் போகட்டும். இந்தத் தடவை பிள்ளையின் பக்கம் நின்றே தீருவது என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலையில் இருக்கன்குடி மாரியம்மன் கோவிலுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று புருஷனிடம் சொன்னாள். அவர் ஏதோ மஞ்சள் மையைப் பற்றிப் போனில் யாரையோ திட்டிக்கொண்டே தலையை ஆட்டினார். சாத்தூர் பஸ்ஸில் ஏற வேண்டியவள் விருதுநகர் பஸ்ஸில் ஏறினாள். பொய் சொன்னதற்கு ஆத்தா மன்னிக்க வேண்டும் என்று ஆமத்தூர் தாண்டும் வரைக்கும் கும்பிட்டுக்கொண்டே போனாள்.

பையனின் தாய் பொன்மணி வாய் நிறைய "வாங்க மதினி, வாங்க" என்று கூப்பிட்டு உட்கார வைத்தாள். கூடத்தில் நாளைக்கு எடுத்துப்போக வேண்டிய தாம்பாளங்கள் துலக்கி அடுக்கியிருந்தன. பத்திரகாளி ஜாதகம் என்று பொய் சொல்லத்தான் நினைத்து வந்திருந்தாள். பொன்மணியின் முகத்தைப் பார்த்ததும் பொய் வரவில்லை.

"ஒங்க வீட்ல ஒரு கொறையும் இல்ல. எம் மகளுக்கு இஷ்டம் இல்ல மதினி. தம்பி அனுப்புன பூவ அவ வெட்டி வெட்டிப் போடுறா. பாத்துக்கிட்டு என்னால சும்மா இருக்க முடியல. எங்கள மன்னிச்சிருங்க."

பொன்மணியின் முகம் செத்துப்போயிற்று. ஆனால் குரல் உயரவில்லை.

"பூ வைக்கிறதுக்கு முன்ன வந்து சொன்னீகளே, அம்மட்டுக்கும் நல்லது" என்றாள். மதினி என்ற சொல் போய்விட்டது. "தூத்துக்குடியில ஒரு எடம் ரெண்டு மாசமாக் கேட்டுக்கிட்டே இருக்காக. பயலுக்கு லீவு திங்கக்கெளமயோட முடியுது. நாளைக்கே அங்கன போயிப் பாத்துட்டு வந்திருவோம்."

காபி கொடுத்துத்தான் அனுப்பினாள். பத்திரகாளி அதைக் குடித்துத்தான் எழுந்தாள். திரும்பி வருகிற பஸ்ஸில் வெயில் முகத்தில் அறைந்தது. ஆனாலும் ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக அவள் கண்ணயர்ந்து தூங்கினாள். பாவம், அந்த நிம்மதி வீடு வரைக்கும்தான்.

வீட்டுக்குள் நுழைந்தபோது மணி இரண்டு. கூடத்து மேசையில் ஹார்லிக்ஸ் பாட்டில் இருந்தது. அதில் பதினொரு ரோஜாவும் முழுசாக விரிந்து நின்றன. செவ்வாய்க்கிழமை மொட்டும் பூவுமாக வந்தவை இப்போதுதான் நன்றாக மலர்ந்திருந்தன. ஓர் இதழ்கூடக் கறுக்கவில்லை. பக்கத்தில் நின்ற பிரீத்திகாவின் முகத்தில் பத்தாவதில் பள்ளிக்கூடத்திலேயே முதலாக வந்த அன்றைக்கு இருந்த களை.

"ஒண்ணுகூடத் தல சாயல பாத்தியாம்மா" என்றாள்.

அன்றைக்குத்தான் அவள் வாய் திறந்து பேசினாள். எல்லாம் கல்லூரியில் கெமிஸ்ட்ரி மிஸ் சொல்லிக் கொடுத்தபடி செய்ததாம். வெட்டின காம்பின் நுனி ஒரு நாளில் அடைத்துக்கொள்ளும், அதனால் தினமும் கொஞ்சம் வெட்ட வேண்டும். தண்ணீருக்கு வெளியே வெட்டினால் காம்புக்குள் காற்றுப் புகுந்துவிடும். தண்ணீருக்குள் இலை இருந்தால் அழுகும். அடிபட்ட வெளி இதழை எடுத்துவிட வேண்டும். சர்க்கரை பூவுக்குச் சாப்பாடு, எலுமிச்சை அது தண்ணீர் குடிக்க, ஒரு சிட்டிகை பிளீச்சிங் பவுடர் தண்ணீர் கெடாமல் இருக்க. வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் குளியலறைதான். பழத்துப் பக்கத்தில் வைத்தால் பூ சீக்கிரம் கிழடு தட்டிவிடும்.

"நீ வாளப்பளத்துக்குப் பக்கத்துல கொண்டுபோயி வச்சிருந்தியா, எனக்கு உசிரே போயிருச்சு" என்று சிரித்தாள். பிறகு பூவைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "நாளைக்கு அவுக வந்து பாக்கையில வாடிக் கெடந்தா நல்லாவா இருக்கும்?"

அவுக. மகள் அந்தச் சொல்லை அவனுக்குச் சொல்லி பத்திரகாளி அன்றுதான் கேட்டாள். பேயறைந்தவள்போல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் கொண்டுவந்த மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, விருதுநகருக்குப் போனதை, சொன்னதை, தூத்துக்குடியை, ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லும்போதே தான் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று அவளுக்கே உறைத்தது.

பிரீத்திகா அழவில்லை. கத்தவும் இல்லை. கையை விடுவித்துக்கொண்டு எழுந்து, பாட்டிலை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். அன்றைய வெட்டு இன்னும் பாக்கி இருந்தது. வாளியில் தண்ணீர் பிடிக்கிற சத்தம் கேட்டது. இனி எதற்கு இது என்று பத்திரகாளி வாசற்படியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"இன்னும் ரெண்டு நாளு வாடாம இருக்கும்மா" என்றாள் அவள், திரும்பாமல். "பூவு என்ன செஞ்சுச்சு."

தங்கச்சாமி சாயங்காலம் வந்ததும் விஷயம் தெரிந்தது. அவர் கையை ஓங்குகிற ஆள் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து, பத்து ரூபாய் லேபிளுக்குக்கூடப் புரூஃப் பார்க்காமல் மெஷினை ஓட்ட மாட்டேன், நீ பிள்ளையின் வாழ்க்கையைப் புரூஃப் பார்க்காமல் அடித்துவிட்டு வந்திருக்கிறாயே என்றார். பத்திரகாளி விருதுநகருக்கு மூன்று தடவை போன் போட்டாள். மூன்று தடவையும் அவர்கள் கடைக் கணக்குப்பிள்ளை முத்துராமலிங்கம்தான் எடுத்தார். அம்மா போனுக்கு வரமாட்டாக என்பதை மூன்று தடவையும் ஒரே மாதிரி சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பத்திரகாளி குளித்துவிட்டு வந்து மகளின் கட்டில் அருகே நின்றாள். வேண்டாம் என்று சொன்ன வாசலில் நான் எப்படிப் போய் நிற்பேன் என்று தங்கச்சாமி சொல்லிவிட்டார். அவருக்கு மானம் இருந்தது. பத்திரகாளிக்கு நேற்றோடு அது தீர்ந்துபோயிருந்தது.

"இந்தப் பூவ நான் அங்கன எடுத்துட்டுப் போகட்டா?" என்று கேட்டாள்.

பிரீத்திகா எழுந்தாள். பதில் சொல்லாமல் பாட்டிலைத் துடைத்து, தண்ணீர் சிந்தாமலிருக்க வாயைச் சுற்றி ஈரத் துணியைக் கட்டி, அம்மாவின் கையில் கொடுத்தாள். வேறொரு நாளாக இருந்தால் அதுவே போதும். பத்திரகாளி நகரவில்லை.

"வாயால சொல்லு தாயி. இனிமே ஒங் கையப் பாத்து நா எதையும் முடிவு பண்ண மாட்டேன்."

பிரீத்திகாவின் கழுத்து வரைக்கும் சிவந்தது. "எடுத்துட்டுப் போம்மா" என்றாள். "எனக்கு அவுகளப் பிடிச்சிருக்கு."

பஸ்ஸில் பத்திரகாளி வேடிக்கைப் பொருளானாள். இத்தனை பூவைத் தலையில் வைக்காமல் ஹார்லிக்ஸ் பாட்டிலில் வைத்து மடியில் கட்டிக்கொண்டு போகிற பெண்பிள்ளையை யார்தான் பார்க்காமல் இருப்பார்கள்? பக்கத்து சீட்டுக்காரி விலைக்கா என்று கேட்டாள். ஆமத்தூர் வேகத்தடையில் பஸ் தூக்கிப் போட்டதில் புடவை நனைந்தது, பூ நனையவில்லை. பொன்மணியிடம் சொல்ல வேண்டியதை அவள் வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டே போனாள்.

தெருமுனையில் திரும்பும்போதே வீட்டு வாசலில் வேன் நிற்பது தெரிந்தது. இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. துலக்கிய தாம்பாளங்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சூர்யபிரகாஷ் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். பொன்மணி படியில் ஒரு காலை வைத்தவள் பத்திரகாளியையும் அவள் கையில் இருந்ததையும் பார்த்தாள்.

"குடுத்தத திருப்பிக் குடுக்கவா இம்புட்டுத் தூரம் தூக்கிட்டு வந்தீக?" என்றாள். "குப்பையில போட்டிருந்தா நாங்க கேக்கவா போறோம்."

மனப்பாடம் செய்ததெல்லாம் ஓடிப்போயிற்று. பத்திரகாளிக்கு நடுத்தெருவில் கண்ணீர் பொங்கியது.

"திருப்பிக் குடுக்க வரல. பாருங்கன்னு கொண்டாந்தேன். நல்லாப் பாருங்க" என்று பாட்டிலை நீட்டினாள்.

பொன்மணி பார்த்தாள், அவளுக்கு அதில் பூதான் தெரிந்தது. சூர்யபிரகாஷ் இறங்கி வந்தான். குனிந்து கண்ணாடி வழியாகக் காம்புகளைப் பார்த்தான். இது செவ்வாய்க்கிழமை தான் அனுப்பின பூவா என்று கேட்டான். அதேதான், பன்னிரண்டில் ஒன்று சாமிக்குப் போக மீதிப் பதினொன்றும் இதில் இருக்கிறது என்றாள் பத்திரகாளி. அவன் காம்பின் நீளத்தைக் கையால் அளந்து பார்த்தான். முழ நீளமாகப் போன காம்பு சாண் நீளத்துக்கு வந்திருந்தது.

"தெனமும் வெட்டியிருக்காங்க" என்றான்.

"அதத்தான் நேத்தே வந்து சொல்லிட்டாகளே. நேரமாகுது, ஏறு" என்றாள் பொன்மணி.

"வெட்டாம விட்டிருந்தா வியாளக்கெளமயே செத்திருக்கும்மா." அவன் பத்திரகாளியின் பக்கம் திரும்பினான். "யாரு செஞ்சது அத்தை?"

"எம் மக. தெனமும் அவதான். நா பக்கத்துலயே நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன், ஒரு எளவும் எனக்குப் புரியல. நாந்தான் மடத்தனமா வந்து ஒளறிட்டேன். அவளுக்கு ஒங்களப் பிடிச்சிருக்கு. அவ வாயால இன்னிக்குக் காலையில சொன்னா."

சூர்யபிரகாஷ் வேன் கதவை இழுத்துச் சாத்தினான். உள்ளே ஏறிச் சாத்தவில்லை, வெளியே நின்றே சாத்தினான். டிரைவர் இஞ்சினை நிறுத்தினார். பொன்மணி மகனையும் பூவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, படியில் வைத்திருந்த காலைக் கீழே எடுத்து வைத்தாள். அதற்கும் ஏதோ அர்த்தம் இருந்தது. ஆனால் அர்த்தம் கண்டுபிடிக்கிற வேலையைப் பத்திரகாளி நேற்றோடு விட்டுவிட்டாள்.

"என்ன முடிவுன்னு வாயத் தொறந்து சொல்லிருங்க தம்பி" என்றாள்.

"சிவகாசிக்குப் போவோம் அத்தை" என்றான் அவன்.